நாள்பட்ட எலும்புத் தொற்றுக்குக் கோடு (code) போடுவது எப்படி? கோடிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவைப் படித்து நோய்க்கு உரிய குறியீடு போடும் வேலை) ஆபீஸ்களில் சேருகிறவர்கள் பெரும்பாலும் ஃபார்மசி, நர்சிங், பிசியோ, பயோடெக் படித்துவிட்டு பொள்ளாச்சி, கோபி, தாராபுரம், கரூர் என்று நாலாபுறமிருந்தும் வருகிறவர்கள். எலும்புகளின் பெயரும் மருந்துகளின் பெயரும் அத்துப்படி. ஆனாலும் ஆஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புத் தொற்று) சார்ட், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவு, கைக்கு வந்தால் ஆடிட்டில் அடி விழுகிறது. பாடம் தெரியாததால் அல்ல. டாக்டர் எழுதாததை நாமே நிரப்பிக்கொள்வதால். எலும்பு வரைக்கும் புண், ஆறு வாரம் ஆன்டிபயாடிக், அப்படியானால் குரோனிக்தான் (நாள்பட்டதுதான்) என்று கை தானாகப் போய்விடும். ஆடிட்டர் கேட்பது ஒரே கேள்வி: "குரோனிக்னு எங்கீங்க எழுதியிருக்காரு?"

கீழே உள்ளது அமெரிக்க சார்ட்டுகளுக்கான ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறைக்கு. நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் ரெகார்ட்ஸ் பிரிவில் புழங்குவது உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-10. எலும்புத் தொற்றுக்கான எம்86 (M86) இரண்டிலும் உண்டு, ஆனால் வலது இடது பிரிக்கும் நீளமான கோடுகள் அமெரிக்கப் பதிப்பில்தான். இரண்டையும் கலக்காதீர்கள்.

1. பட்டியல், கைட்லைன்ஸ், தேதி

ஐசிடி-10-சிஎம் கோடுகளின் முழுப் பட்டியலும் அதிகாரபூர்வ கைட்லைன்ஸும் அமெரிக்க அரசின் சிடிசி, சிஎம்எஸ் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலை கிடைக்கும் முன்பே அச்சுப் புத்தகம் வாங்கிக் காசை முடக்க வேண்டாம். கைட்லைன்ஸ் நூற்றுச் சொச்சம் பக்கம். பிரிண்ட் எடுப்பதானால் முதல் பிரிவின் ஏ, பி பகுதிகள், சி பகுதியில் 1, 4, 12, 13, 19, 21 ஆகிய அத்தியாயங்கள், பிறகு 2, 3, 4 ஆகிய பிரிவுகள் போதும். எலும்புத் தொற்றுக்கு வேண்டியதில் பெரும்பாலானது அதற்குள் வந்துவிடும்.

பதிப்பு ஜனவரியில் மாறுவதில்லை. அக்டோபர் 1 முதல் அடுத்த செப்டம்பர் 30 வரை ஒரு பதிப்பு. நடுவில் ஏப்ரல் 1 அன்றும் திருத்தம் வரலாம். உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதியையும், வெளிநோயாளிக்கு டாக்டர் பார்த்த தேதியையும் வைத்துப் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செப்டம்பர் 28 அட்மிஷன், அக்டோபர் 3 டிஸ்சார்ஜ் என்றால் புதிய பதிப்பு. தேங்கிக் கிடந்த சார்ட்டுகளை நவம்பரில் மொத்தமாக இறக்கும்போது இந்தத் தப்பு அதிகம் நடக்கும்.

கூகுளில் தேடி 730.1 என்று வந்தால் அது ஐசிடி-9. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் அது கிடையாது.

2. சார்ட்டை எந்த வரிசையில் படிப்பது

உள்நோயாளி என்றால் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி. பிறகு அட்மிஷன் நோட், தொற்றுநோய் மருத்துவரின் கன்சல்ட், ஆபரேஷன் நோட், காயப் பராமரிப்பு நர்சின் குறிப்பு, மருந்துப் பட்டியல். கல்ச்சர், பயாப்சி, எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுகள் கடைசியில். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எம்ஆர்ஐயில் 'ஆஸ்டியோமைலைட்டிஸ்' என்ற சொல் கண்ணில் பட்டதும் மனசு அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு டாக்டர் எழுதியதை நிதானமாகப் படிப்பதில்லை.

படிக்கும்போது ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வகை, எந்த எலும்பு, எந்தப் பக்கம், எதனால் வந்தது, எந்தக் கிருமி. ஒவ்வொன்றுக்கும் நேராக அதை எழுதியது யார், எந்தத் தேதி என்றும் குறியுங்கள். ஆபீஸில் பேனா, பேப்பர், போன் உள்ளே விடமாட்டார்கள். நோயாளி விவரம் வெளியே போகக்கூடாது என்பதற்காக. அதனால் சாஃப்ட்வேரில் இருக்கும் நோட்ஸ் பெட்டியையே பயன்படுத்தப் பழகுங்கள்.

3. வகையைத் தீர்மானிக்கும் சொல்

இண்டெக்ஸில் (நோய்ப் பெயர்களின் அகரவரிசை) 'ஆஸ்டியோமைலைட்டிஸ்' என்ற இடத்தில் தொடங்கி, டேபுலருக்கு (கோடுகளின் வரிசைப் பட்டியல்) போய் உறுதி செய்யுங்கள். எம்86 பிரிவதெல்லாம் டாக்டர் போட்ட அடைமொழியை வைத்துத்தான்.

எம்86.0 ரத்தம் வழியாக வந்த அக்யூட் (திடீரென வந்தது). எம்86.1 மற்ற அக்யூட். எம்86.2 சப்அக்யூட் (இரண்டுக்கும் இடைப்பட்டது). எம்86.3 குரோனிக் மல்டிஃபோகல். எம்86.4 சீழ் வடியும் சைனஸுடன் (எலும்பிலிருந்து தோல்வரை வரும் துளை) கூடிய குரோனிக். எம்86.5 ரத்தம் வழியாக வந்த மற்ற குரோனிக். எம்86.6 மற்ற குரோனிக். எம்86.8 புரோடி ஆப்செஸ் (எலும்புக்குள் கட்டும் சீழ்) போன்ற, பெயர் சொல்லப்பட்ட வேறு வகைகள். எம்86.9 வகையே சொல்லாதது.

நாள்பட்ட தொற்று சார்ட்டுகளில் அதிகம் வருவது எம்86.6. தவறு நடப்பது அதன் அக்கம்பக்கத்தில்.

'வலது பாதத்தில் ஆஸ்டியோமைலைட்டிஸ்' என்று மட்டும் இருந்தால் அது எம்86.9. அந்தக் கோடு, விலாசத்தில் 'கோயமுத்தூர்' என்று மட்டும் எழுதிய தபால் மாதிரி: காலா கையா, வலதா இடதா, எதுவும் அதில் நிற்காது. அதைப் பொறுக்க முடியாமல் சிலர் எம்86.8எக்ஸ்7-க்கு ஓடுவார்கள், அதில் 'கணுக்காலும் பாதமும்' இருக்கிறதே என்று. அது தப்பு. எம்86.8, டாக்டர் ஒரு வகையைப் பெயர் சொல்லி எழுதி, அந்த வகைக்குத் தனிக் கோடு இல்லாதபோது மட்டும். வகையே சொல்லாததற்கு அல்ல. வேறு சிலர் நேராக எம்86.671 போட்டுவிடுவார்கள். அது இன்னும் மோசம். குரோனிக் என்ற சொல்லை நீங்களே டாக்டர் வாயில் வைத்த கணக்கு. செய்ய வேண்டியது குவெரி, அதாவது டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது.

எம்86.4-க்கு 'சைனஸ்' வேண்டும். 'காயத்திலிருந்து சீழ் வருகிறது' என்பது சைனஸ் ஆகாது. 'சைனஸ் டிராக்ட்' என்று டாக்டர் எழுதி, அது வடிகிறது என்பதும் நோட்டில் இருந்தால் மட்டும் எம்86.4.

எம்86.3-இல் இருக்கும் 'மல்டிஃபோகல்' ஒரு நோயின் பெயர். பெரும்பாலும் குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் வருவது, கிருமியே இல்லாமலும் பல எலும்புகளைத் தாக்குவது. சர்க்கரை நோயாளிக்கு இரண்டு விரல்களில் தொற்று இருப்பதால் அது மல்டிஃபோகல் ஆகாது.

'அக்யூட் ஆன் குரோனிக்' என்று இருந்தால் இரண்டையும் போட வேண்டும், அக்யூட் முதலில்: வலது பாதத்துக்கு எம்86.171, அடுத்து எம்86.671. கைட்லைன்ஸ் முதல் பிரிவு, பி.8.

4. எலும்பும் பக்கமும்

எம்86.6-இல் ஐந்தாவது இடம் எலும்பைச் சொல்லும்: 1 தோள், 2 மேற்கை எலும்பு, 3 முன்கை எலும்புகள், 4 கை, 5 தொடை, 6 டிபியா-ஃபிபுலா, 7 கணுக்காலும் பாதமும், 8 மற்ற இடம், 9 பல இடங்கள், 0 இடம் சொல்லாதது. ஆறாவது இடம் பக்கம்: 1 வலது, 2 இடது, 9 சொல்லாதது. கால் விரல், மெட்டாடார்சல், குதிகால் எலும்பு எல்லாம் 7-க்குள். கை விரல்கள் 4-க்குள்.

8, 9, 0 ஆகியவற்றுக்கு ஆறாவது இடம் கிடையாது. எம்86.68 ஐந்து இடத்தோடு முழுமையான கோடு. அதோடு 1 சேர்த்தால் சாஃப்ட்வேர் தள்ளிவிடும். இடுப்பெலும்புப் பகுதிகளுக்கு நினைவை நம்பாதீர்கள், ஒவ்வொரு முறையும் இண்டெக்ஸ் வரியைப் பாருங்கள்.

பக்கம் ஒரு நோட்டில் வலது, இன்னொன்றில் இடது என்று முரண்பட்டால் பெரும்பான்மை பார்த்து முடிவு செய்யக்கூடாது. அதுவும் குவெரிதான்.

5. எம்86-க்குள் வராதவை

முதுகெலும்பு எம்46.2-க்குப் போகும்: கழுத்து எம்46.22, மார்பு எம்46.24, கீழ்முதுகு (லம்பார்) எம்46.26, சேக்ரமும் வால் எலும்பும் எம்46.28. இங்கே அக்யூட், குரோனிக் என்ற பிரிவே இல்லை. படுக்கையிலேயே கிடந்து சேக்ரத்தில் வந்த புண் எலும்பு வரை போன சார்ட்டுகள் நிறைய வரும், எல்89.15 வரிசைப் படுக்கைப் புண் கோடுடன் எம்46.28. இதற்கு எம்86.68 போடுவது புதியவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்வது.

தாடை எலும்பு எம்27.2. கண்குழி எச்05.0. உட்காதைச் சூழ்ந்த பெட்ரஸ் எலும்பு எச்70.2. சால்மொனெல்லாவால் வந்தது ஏ02.24, கொனோரியாவால் வந்தது ஏ54.43, எக்கினோகாக்கஸால் வந்தது பி67.2. இந்த மூன்றும் எம்86-க்கு அடியில் எக்ஸ்க்லூட்ஸ்1 குறிப்பில் இருக்கின்றன, அதே தொற்றுக்கு எம்86-ஐச் சேர்த்துப் போட முடியாது.

காசநோய் எலும்பு: முதுகெலும்பு என்றால் ஏ18.01, மற்ற எலும்பு என்றால் ஏ18.03. இண்டெக்ஸே அங்கே திருப்பிவிடும்.

6. சர்க்கரைக் கால்

பாதி வேலை இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

இண்டெக்ஸில் 'டயபிடிஸ்' என்ற இடத்தில், 'வித்' (with) என்ற சொல்லுக்குக் கீழே ஆஸ்டியோமைலைட்டிஸ் இருக்கிறது. கைட்லைன்ஸ் முதல் பிரிவு ஏ.15 சொல்வது: 'வித்'துக்குக் கீழே வரும் இரண்டு நோய்களும் ஒரே நோயாளிக்கு இருந்தால், 'இதனால் அது' என்று டாக்டர் தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை, தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டாம் வகை சர்க்கரையும் எலும்புத் தொற்றும் இருந்தால் ஈ11.69, அதற்கு அடுத்து எம்86. டாக்டரே 'இது விபத்துக் காயத்தால் வந்தது, சர்க்கரையால் அல்ல' என்று எழுதியிருந்தால் தொடர்பு போடக்கூடாது. டிபியாவில் பிளேட் வைத்த இடத்தில் தொற்று, கூடவே சர்க்கரையும் இருக்கிறது என்ற சார்ட்டில் இதைக் கவனியுங்கள்.

வகையை எடுத்துக்கொள்ள இந்த விதி இடம் தராது. 'வித்' தருவது காரணத் தொடர்பு மட்டும். குரோனிக் என்ற சொல் அப்போதும் டாக்டரிடமிருந்துதான் வர வேண்டும்.

புண் தனி. ஈ11.621, அதனுடன் எல்97 வரிசை. குதிகாலும் நடுப்பாதமும் எல்97.4, விரல்கள் உட்பட பாதத்தின் மற்ற பகுதி எல்97.5. கடைசி இடம் ஆழம்: 1 தோல் மட்டும், 2 கொழுப்பு தெரிகிறது, 3 தசை அழுகல், 4 எலும்பு அழுகல், 5 அழுகாத தசை பாதிப்பு, 6 அழுகாத எலும்பு பாதிப்பு, 8 சொல்லப்பட்ட வேறு ஆழம், 9 சொல்லாதது.

அடி விழும் இடம் 4-க்கும் 6-க்கும் நடுவில். ஆஸ்டியோமைலைட்டிஸ் என்றாலே எலும்பு அழுகிவிட்டது என்று எண்ணி 4 போடுவார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. 'எலும்பு வெளியே தெரிகிறது', 'புரோப் எலும்பைத் தொடுகிறது' என்பவை 6. 'நெக்ரோட்டிக் (அழுகிய) எலும்பு வெட்டி எடுக்கப்பட்டது' என்று ஆபரேஷன் நோட்டில் இருந்தால் 4.

புண்ணின் ஆழத்தை நர்ஸ் குறிப்பிலிருந்தும் எடுக்கலாம், முதல் பிரிவு பி.14 அதை அனுமதிக்கிறது. ஆனால் புண் என்ற டயக்னோசிஸை டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

பயிற்சிக்காக அமைத்த ஒரு சார்ட்டைப் பிரித்துப் பார்ப்போம். 58 வயது ஆண், உள்நோயாளி. டிஸ்சார்ஜ் சம்மரி: 'இரண்டாம் வகை சர்க்கரை, வலது கால் பெருவிரலில் குரோனிக் ஆஸ்டியோமைலைட்டிஸ், வலது கால் பெருவிரலில் சர்க்கரைப் புண்.' தொற்றுநோய் மருத்துவர்: 'எலும்புக் கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டாஃப் ஆரியஸ் கிருமி), ஆஸ்டியோமைலைட்டிஸுக்கு அதுவே காரணம்.' காய நர்ஸ்: 'புண்ணின் அடியில் எலும்பு தெரிகிறது, கருத்த திசு இல்லை.' மருந்து: வீட்டில் தினமும் கிளார்ஜின் இன்சுலினும் மெட்ஃபார்மினும். அட்மிஷனுக்குக் காரணம் எலும்புத் தொற்று.

கோடுகள்: ஈ11.69, எம்86.671, ஈ11.621, எல்97.516, பி95.62, இசட்79.4, இசட்79.84.

ஈ11.69 ஏன் முதலில்? அதன் கீழேயே 'சிக்கலைக் காட்டக் கூடுதல் கோடு பயன்படுத்து' என்ற குறிப்பு இருக்கிறது. அப்படிக் குறிப்பு இருந்தால் கூடுதல் கோடு பின்னால்தான் வரும். எம்86.671-ஐ முதலில் வைத்தால் பில் வேறு குழுவுக்குப் போய்விடும்: எம்86 முதன்மை என்றால் ஆபரேஷன் இல்லாத அட்மிஷனுக்கு டிஆர்ஜி (உள்நோயாளி பில்லுக்கான குழு எண்) 539 முதல் 541, ஈ11.69 முதன்மை என்றால் 637 முதல் 639. காசு மாறுகிறது, அதனால் ஆடிட்டும் முதலில் இங்கேதான் வரும்.

இன்சுலினும் மாத்திரையும் இரண்டுமே வீட்டில் தொடர்ந்து எடுக்கிறார் என்றால் இசட்79.4, இசட்79.84 இரண்டும் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது மட்டும் தற்காலிகமாக இன்சுலின் போட்டிருந்தால் இசட்79.4 வராது. கால் ரத்தக்குழாய் அடைப்பு, பல நரம்புகளின் பாதிப்பு (பாலிநியூரோபதி) ஆகியவையும் 'வித்' பட்டியலில் உண்டு. டாக்டர் எழுதியிருந்தால் ஈ11.51, ஈ11.42 என்று அவையும் சேரும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 11 என்று லேப் காட்டினாலும் டாக்டர் ஹைபர்கிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை மிகுதி) என்று எழுதாமல் ஈ11.65 கூடாது.

7. கிருமி

எம்86-க்குக் கீழேயே பி95 முதல் பி97 வரை கூடுதல் கோடு போடச் சொல்லியிருக்கிறது. அடிக்கடி வருபவை: சாதாரண ஸ்டாஃப் ஆரியஸ் பி95.61, எம்ஆர்எஸ்ஏ பி95.62, என்டெரோகாக்கஸ் பி95.2, குரூப் பி ஸ்ட்ரெப் பி95.1, சூடோமோனாஸ் பி96.5, கிளெப்சியெல்லா பி96.1, புரோட்டியஸ் பி96.4. பல கிருமிகளை டாக்டர் பெயர் சொல்லி எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

லேப் ரிப்போர்ட்டில் கிருமி பெயர் இருந்தால் மட்டும் போதாது. காயத்தின் மேல் துடைத்தெடுத்த ஸ்வாபில் எது வேண்டுமானாலும் வளரும். எலும்பைத் தின்னும் கிருமி அதுதானா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

எம்ஆர்எஸ்ஏ என்றதும் ஏ49.02 போடுவது இன்னொரு பழக்கம். அது எங்கே தொற்று என்று தெரியாதபோது. எலும்பு என்று தெரிந்த பிறகு பி95.62. மூக்கு ஸ்வாபில் மட்டும் எம்ஆர்எஸ்ஏ வந்து டாக்டர் 'கேரியர்' என்று எழுதினால் இசட்22.322, அது தொற்றே அல்ல. பி95.62-உடன் பெனிசிலின் எதிர்ப்புக்கான இசட்16.11 சேர்க்க வேண்டாம். இஎஸ்பிஎல் (சில ஆன்டிபயாடிக்குகளை முறிக்கும் நொதி) கிருமி என்று டாக்டர் எழுதியிருந்தால் இசட்16.12 உண்டு.

8. பிளேட், ராடு, பழைய முறிவு

எலும்பு முறிவுக்கு வைத்த உலோகத்தால் வந்த தொற்று என்று டாக்டர் எழுதியிருந்தால், காயம்-சிக்கல் அத்தியாயத்தின் டி84.6 (T84.6) வரிசை முதலில், எம்86 அடுத்து. வலது டிபியா பிளேட் என்றால் டி84.622ஏ, சைனஸ் வடிகிறது என்றும் இருந்தால் கூடவே எம்86.461. செயற்கை மூட்டு என்றால் டி84.5.

ஏழாவது இடத்தில் ஏ (முதல் சந்திப்பு) போடவே பலருக்குப் பயம். ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆச்சே, அது எப்படி 'முதல்' சந்திப்பு ஆகும் என்று டி (D, பிந்தைய சந்திப்பு) போடுவார்கள். சிக்கல் கோடுகளில் பார்க்க வேண்டியது அந்தச் சிக்கலுக்கு இப்போது தீவிர சிகிச்சை நடக்கிறதா என்பதை. பிளேட்டை எடுக்கிறார்கள், ஐவி ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள் என்றால் ஏதான்.

உலோகம் இல்லை, பத்து வருடத்துக்கு முந்தைய முறிவின் பின்விளைவாக வந்த குரோனிக் தொற்று என்றால் எம்86 முதலில், முறிவுக் கோடு கடைசி எழுத்து எஸ் உடன் பின்னால். உதாரணம் எம்86.661, எஸ்82.201எஸ்.

எலும்பில் பெரிய குறை விழுந்திருப்பதாக டாக்டர் எழுதினால் எம்89.7 வரிசையைச் சேருங்கள். எக்ஸ்ரே பார்த்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

9. 'இருக்கலாம்' என்று எழுதினால்

உள்நோயாளி: டிஸ்சார்ஜ் சமயத்தில் 'புராபபிள்', 'சஸ்பெக்டட்', 'கன்சிஸ்டென்ட் வித்' என்று டாக்டரின் இறுதிக் குறிப்பில் நின்றால், நோய் இருப்பதாகவே கோடு போடலாம். இடையில் ஒரு நாள் எழுதி, பிறகு 'இல்லை' என்று ஆகிவிட்டால் போடக்கூடாது.

வெளிநோயாளி: அதே சொற்களுக்குக் கோடு கிடையாது. 'ரூல் அவுட் ஆஸ்டியோமைலைட்டிஸ்' (இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்) என்றால் புண் இருந்தால் புண்ணின் கோடு, வலது பாத வலி என்றால் எம்79.671, கை கால் ஸ்கேனில் அசாதாரணம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஆர்93.6. அவ்வளவுதான்.

உள்நோயாளிக்கு பிஓஏ குறியும் (அட்மிஷனின்போதே நோய் இருந்ததா என்று காட்டுவது) உண்டு. நாள்பட்ட தொற்று மூன்றாம் நாள் எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது என்றாலும் அது வரும்போதே இருந்ததுதான்; ஒய் (ஆம்) போடுங்கள்.

10. குவெரி எழுதுவது

நீங்கள் டாக்டருக்கு நேராக மெயில் போடப் போவதில்லை. டிராக்கரில் எழுதினால் டீம் லீட் வழியாகப் போகும், பதில் வர சில நாள் ஆகும், அதுவரை சார்ட் 'ஹோல்டு'. ஆகவே ஒரே சார்ட்டுக்கு வகை, பக்கம், கிருமி மூன்றையும் ஒரே குவெரியில் கேட்டுவிடுங்கள். மூன்று தனித்தனி குவெரி போட்டால் சார்ட் மூன்று மடங்கு நாள் தூங்கும்.

கேள்வி பதிலைத் திணிக்கக்கூடாது. 'இது குரோனிக் ஆஸ்டியோமைலைட்டிஸ்தானே, உறுதி செய்யவும்' என்பது செல்லாது. சார்ட்டில் இருப்பதைத் தேதியோடு எடுத்து வையுங்கள்: புண் எத்தனை மாதமாக இருக்கிறது, எம்ஆர்ஐ என்ன சொல்கிறது, என்ன மருந்து போகிறது. பிறகு 'ஆஸ்டியோமைலைட்டிஸின் வகையைத் தெளிவுபடுத்தவும்: அக்யூட், சப்அக்யூட், குரோனிக், அக்யூட் ஆன் குரோனிக், வேறு, தீர்மானிக்க இயலவில்லை' என்று எல்லாத் தேர்வுகளையும் கொடுங்கள். பணம் கூடும் குறையும் என்ற பேச்சே அதில் வரக்கூடாது.

11. இப்போதும் இருக்கிறதா, ஆறிவிட்டதா

ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் (நோயாளியின் நோய்களை வைத்து இன்சூரன்ஸுக்குத் தரும் தொகையைக் கணக்கிடுவது) புராஜெக்டில் போட்டால் இது பெரிய ரோதனை. எலும்புத் தொற்று பழைய வி24 மாடலில் எச்சிசி (அந்தக் கணக்குக்கான நோய்க் குழு) 39, வி28 மாடலில் எச்சிசி 92. பழைய நோய்ப் பட்டியலிலிருந்து 'குரோனிக் ஆஸ்டியோமைலைட்டிஸ்' வருடா வருடம் காப்பி ஆகிக்கொண்டே வரும். அன்றைய சந்திப்பில் டாக்டர் அதைப் பார்த்தாரா, மருந்து கொடுத்தாரா, ரத்தப் பரிசோதனை எழுதினாரா என்று தேடுங்கள். 'முன்பு இருந்தது, விரல் எடுக்கப்பட்டது, ஆறிவிட்டது' என்றால் எம்86 கிடையாது, இசட்87.39, வலது கால் பெருவிரல் இல்லை என்றால் இசட்89.411.

மாதக்கணக்கில் தடுப்பாக ஆன்டிபயாடிக் ஓடினால் இசட்79.2 சேர்க்கலாம். நோயாளி வந்ததே பிஐசிசி லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பு வழியே வைத்த நீண்ட குழாய்) பராமரிப்புக்கு மட்டும் என்றால் இசட்45.2.

12. கிளெய்ம் எங்கே திரும்பி வரும்

ஹைபர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை (அழுத்த அறையில் ஆக்சிஜன் தருவது). மெடிகேரின் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) தேசியக் கவரேஜ் விதி 20.29 இதற்குப் பணம் தருவது, வழக்கமான மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் மசியாத குரோனிக் ஆஸ்டியோமைலைட்டிஸுக்கு. எம்86.9 போட்டால் குரோனிக் என்பதே கோடில் இல்லை, எம்86.1 போட்டால் அக்யூட். இரண்டுமே திரும்பும். அதே விதியில் வாக்னர் அளவுகோலில் (சர்க்கரைக் கால் புண்ணின் தீவிரத்தைச் சொல்வது) மூன்றாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரைக் கால் புண்ணுக்குத் தனியாக இடம் உண்டு, ஆகவே சார்ட் எந்தக் காரணத்தின்கீழ் போகிறது என்று பார்த்துவிட்டுக் கோடு வரிசையை முடிவு செய்யுங்கள். இந்தச் சிகிச்சை பல வாரம் நடப்பது. தப்பான கோடு ஒரு நாளோடு நிற்காது, எல்லா நாள் கிளெய்மும் மொத்தமாகத் திரும்பும்.

13. பயிற்சிச் செலவும் சான்றிதழும்

காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் சேலத்திலும் கோடிங் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. 'நூறு சதவீதம் வேலை' என்று சொன்னால் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், வேலை கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். பல கம்பெனிகள் ஃபிரெஷர்களைத் தாங்களே எடுத்துப் பயிற்சி தருகின்றன. ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பார்த்துவிட்டு மையத்தில் பணம் கட்டுவது நல்லது.

சிபிசி (மெடிக்கல் கோடர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ்) தேர்வு 100 கேள்விகள், 4 மணி நேரம், தேற 70 சதவீதம். கட்டணம் டாலரில் வரும், கோடு புத்தகங்களின் செலவு தனி. அனுபவம் இல்லாமல் தேறினால் சான்றிதழில் சிபிசி-ஏ என்று இருக்கும். வேலை அனுபவத்தைக் காட்டிய பிறகு அந்த ஏ போகும். வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் சார்ட் பார்த்த பிறகு எழுதினால் புரிந்து எழுதலாம், சில கம்பெனிகள் கட்டணத்தையும் தருகின்றன, சேரும்போதே கேட்டுவையுங்கள்.

சேரும் நாளுக்கு ஆதார், பான், பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், முன்பு பிஎஃப் இருந்தால் யுஏஎன் எண். பின்னணிச் சரிபார்ப்புக்கு நகல் போதும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அசல் சான்றிதழ்களைத் தங்களிடம் வைத்துக்கொள்வோம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு அன்றைக்கே கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.